என்ஜினுக்கு மூக்குச் செய்தவர்

அவர் பெயரை நான் சொல்ல மாட்டேன். கோபித்துக்கொள்ளாதீர்கள். என் வீட்டுக்காரருக்கும் அதே பெயர். அந்தப் பெயரை இன்றுவரை என் வாயால் சொன்னதில்லை. அடையாள அட்டை எடுக்கப் போனபோது ஆபீசர் மூன்று தடவை கேட்டும் நான் சிரித்துக்கொண்டே நிற்க, கூட வந்த நாத்தனார்தான் சொன்னாள். “தாத்தாதான் போய்ச் சேந்துட்டாரே பாட்டி, இப்பச் சொன்னா என்னாலா?” என்கிறாள், நான் சொல்லச் சொல்ல இதை எழுதும் என் பேத்தி. ஆள் போனால் மரியாதையும் போய்விடுமா? அதனால் இவரை அண்ணன் என்றே எழுதச் சொல்லியிருக்கிறேன். பட்டறையில் நாங்கள் ஐந்து பெண்களும் அவரை அப்படித்தான் கூப்பிட்டோம்.

எழுபதுகளில் எங்கள் தோட்டத்தைத் துண்டு துண்டாக விற்றார்கள். அதுவரை எனக்குத் தெரிந்த ஒரே வேலை பால்மரம் வெட்டுவது, அதாவது ரப்பர் மரத்துப் பட்டையைச் சீவிப் பால் எடுப்பது. தோட்டம் கொடுத்திருந்த லயத்து வீட்டைக் காலி செய்துகொண்டு லகாட்டுக்கு வந்தோம். ஈயம் தோண்டி முடித்து விட்டுப்போன வெள்ளை மணல்மேட்டில் ஒரு பலகை வீடு. வீட்டுக்காரருக்கு மார்புச் சளி. ஒரு வாரம் வேலைக்குப் போனால் மறு வாரம் பாயில் கிடப்பார். மூன்று பிள்ளைகள். அப்போதுதான் பக்கத்து வீட்டு மேரி வந்து, ஈப்போ போகிற சாலையில் ஒரு சீனத் தவுக்கேயின் பட்டறையில் பெண்கள் வேண்டுமாம் என்று சொன்னாள். இரண்டு பேரும் சேர்ந்தோம். தவுக்கே என்றால் முதலாளி. மேரியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பாட்டுப் பாடுகிற அதே வாயால் திங்கட்கிழமை ஊரையே வைவாள். ஆனால் மனசு தங்கம்.

முதல் நாள் பட்டறையில் ஒரு நீள மேசைக்கு முன்னால் என்னை உட்கார வைத்தார்கள். மேசை நிறையத் தகரமும் ரப்பரும். இதெல்லாம் என்ன என்று விழித்துக்கொண்டிருந்தேன். அண்ணன் வந்தார். ஒல்லியான ஆள். நாற்பத்தைந்து வயது இருக்கும். சட்டையில் இரண்டே பொத்தான்.

“தங்கச்சி, மூக்கப் பிடிச்சுக்கிட்டு வாயையும் மூடிக்க. மனசுக்குள்ள எண்ணு.”

பெரியவர் சொல்கிறாரே என்று பிடித்துக்கொண்டேன். இருபது எண்ணுவதற்குள் கண் பிதுங்கியது.

“எப்படி இருக்கு?”

“செத்துருவேன் போல இருக்குண்ணே.”

“என்ஜினும் அப்படித்தான். டீசல மட்டும் ஊத்துனா ஓடாது. காத்தும் இழுக்கணும். நாம செய்யுறது அதுக்கு மூக்கு. தூசியத் தடுத்துச் சுத்தமான காத்த உள்ள விடணும். புரிஞ்சுச்சா?”

எனக்கு எழுத்துத்தான் தெரியாது, மூக்குத் தெரியாதா? அன்றே புரிந்துவிட்டது.

அந்த மூக்குக்குப் பதினொரு சாமான். வடிகட்டி உட்காருகிற தகரச் சட்டி, அதற்கு மூடி, மூடியைப் பிடிக்கக் கொக்கி, சட்டியைத் தாங்க இரும்புப் பட்டை, அப்புறம் ஒரு குழாய், ரப்பரில் வளைந்த முழங்கை, அதை இறுக்கக் கிளிப்புகள் என்று போய்க்கொண்டே இருக்கும். ஸ்குருக்கள் தனி. சாமானை வெளியிலிருந்து வாங்கிக்கொண்டு வருவார்கள். ஒன்றோடு ஒன்றைப் பூட்டுவது நாங்கள். லோரிகளுக்குப் போகும், சுரங்கத்தில் தண்ணீர் இறைக்கிற என்ஜின்களுக்குப் போகும். பதினொன்றையும் நான் கண்ணை மூடிக்கொண்டே பூட்டுவேன். பால்மரம் வெட்டிய கை அல்லவா, விரல் சொன்னபடி கேட்கும்.

நாங்கள் பூட்டுவோம். அண்ணனுக்கு அதைப் பார்க்கவே பொறுக்காது. எங்கள் மேலே கோபம் இல்லை, அந்தப் பதினொன்றின் மேலே. எந்தப் பொருளைக் கண்டாலும் முதலில் உள்ளங்கையில் வைத்து மேலும் கீழும் ஆட்டிப் பார்ப்பார், கோழிக்குஞ்சை எடை பார்ப்பதுபோல. பிறகு அதில் எதைக் கழற்றலாம் என்று தேடுவார். மேரியின் குடையில் இரண்டு கம்பியை எடுத்துவிட்டு, “பாரு தங்கச்சி, இது இல்லாமலும் நிக்குது” என்றார். அது மழைக்கு நின்றது, காற்றுக்கு நிற்கவில்லை. மேரி நனைந்துகொண்டே வந்து, “இந்த மனுசன தஞ்சோங் ரம்புத்தானுக்கே பஸ் ஏத்தி விடணும்லா. அங்கதான் பைத்தியக்கார ஆஸ்பத்திரி இருக்கு” என்று கத்தினாள். அவர் சிரித்தார். கம்பியைத் திருப்பிப் போட்டுக் கொடுத்தார். போட்டது ஒரு கம்பிதான். இன்னொன்று உண்மையிலேயே வேண்டியிருக்கவில்லை.

சாப்பாடும் அப்படித்தான். சோறு, குழம்பு, கருவாடு, மோர் எல்லாம் ஒரே டப்பாவில் அடுக்கடுக்காக. “வயித்துக்குள்ள போயி ஒண்ணாத்தானே கெடக்கப் போவுது” என்பார். வீட்டிலும் விடவில்லை. வாசல் கதவைக் கொஞ்சம் சாய்த்து மாட்டியிருந்தார். கையை விட்டால் கதவு தானாக வந்து மூடிக்கொள்ளும், தாழ்ப்பாள் தேவையில்லை என்று. ஒரு கல்யாண வீட்டில் அவர் மனைவி என்னிடம் அழாத குறையாகச் சொன்னார்: “கோழி முட்டித் தள்ளிட்டு உள்ள வருதும்மா. கோழிக்குக்கூடத் தெறக்கத் தெரிஞ்ச கதவு எங்க வீட்டுக் கதவுதான்.”

காவடிக் கதையைச் சொல்லாமல் விட முடியாது. என் கொழுந்தன் இடுப்பில் அடிபட்டுக் கிடந்து, அப்போதுதான் எழுந்து நடக்க ஆரம்பித்திருந்தான். தைப்பூசத்துக்குக் காவடி எடுப்பதாக வேண்டுதல். அவன் வாங்கி வந்த காவடியில் இரும்புக் கம்பி, போல்ட்டு, நட்டு, தகடு, தூக்கிப் பார்த்தால் நானே உட்கார்ந்துவிட்டேன். அண்ணன் கேள்விப்பட்டு வீட்டுக்கு வந்தார். இரண்டு பிரம்பை வெந்நீரில் ஊறவைத்து வளைத்தார். வளைத்த பிரம்பே தோளில் உட்காரும், அதுவே மேலே வளைந்து மயிலிறகைத் தாங்கும், அதுவே இடுப்பைச் சுற்றி வந்து பிடிக்கும். ஒரு போல்ட்டு கிடையாது. ஒரு கையால் தூக்கலாம்.

எங்கள் மாமியாருக்குப் பிடிக்கவில்லை. “வேண்டுதல்னா பாரம் இருக்கணும்யா. இது என்னா, விளையாட்டுச் சாமானா?” என்றார்.

“அம்மா, பாரம் பையன் இடுப்புல இருக்கு. அது முருகனுக்குத் தெரியும். போல்ட்டத் தூக்கிக் காட்டுனாத்தான் தெரியுமா?”

மாமியார் வாயை மூடிக்கொண்டார். அவரை வாய் மூட வைத்த ஆளை அன்றைக்குத்தான் பார்த்தேன். கொழுந்தன் மலைக்கோயில் வரைக்கும் ஆடிக்கொண்டே போனான்.

எங்கே விட்டேன்? பதினொன்று. அதன் மேலே அவருக்கு ஏன் அவ்வளவு கோபம் என்று ஒரு நாள் எனக்குக் காட்டினார். செத்துப்போன என்ஜின் ஒன்றைச் சுரங்கத்திலிருந்து கொண்டுவந்து பிரித்திருந்தார்கள். வாங்கி ஒரு வருடம்கூட ஆகவில்லை. உள்ளிருந்து எண்ணெய்ப் பிசுக்கை எடுத்து என் விரலில் தடவினார்.

“தேய்ச்சுப் பாரு.”

நறநற என்றது. எங்கள் வீட்டு வாசல் மணல். சோற்றில் விழுகிற, பாயில் கிடக்கிற அதே லகாட் மணல்.

“வடிகட்டி நல்லாத்தான் இருக்கு. இது எந்த வழியா உள்ள போச்சு? நீ பூட்டுன ஒட்டு வழியா. உன் மேல தப்பில்ல தங்கச்சி. நீ எம்புட்டு இறுக்குனாலும் வண்டி ஆடுற ஆட்டத்துல கிளிப்பு தளரும். ஒட்டு இருந்தா ஓட்டை இருக்கும். பதினோரு சாமான்னா பத்து ஒட்டு.”

அதனால் அவருக்கு ஒரே ஆசை. சட்டி, பட்டை, குழாய், முழங்கை எல்லாம் சேர்ந்து ஒரே உடம்பாக ஒரு மூக்கு. நம் மூக்கில் ஒட்டு இருக்கிறதா? தையல் இருக்கிறதா? அப்படி.

முதலில் கித்தா என்கிற ரப்பர் பாலில் செய்தார். அவரும் தோட்டத்துப் பிள்ளைதான், ரப்பரைவிட்டால் வேறு தெய்வம் இல்லை. மரத்தில் ஒரு உருவம் செதுக்கி, பாலில் முக்கிக் காயவைத்து, மறுபடி முக்கி, தடிப்பாக வந்ததும் உரித்தெடுத்தார். வழுவழுவென்று யானைத் தும்பிக்கை மாதிரி. நான் மட்டும் சொன்னேன்: “அண்ணே, பச்சைக் கித்தாவுக்கும் எண்ணெய்க்கும் ஆகாதே. எங்க தோட்டத்துல ரப்பர் ஷீட்டுமேல லோரி டீசல் ஒழுகுனா, நைஞ்சு ஒட்டிக்கும். கணக்கெழுதுற கிராணி தூக்கி வீசிருவாரு.”

“கடையில வாங்குற முழங்கையும் ரப்பர்தானே?”

“அதுல மருந்து கலக்குறாங்கண்ணே. இது வெறும் பாலு.”

அவர் கேட்கவில்லை. தோட்டத்தில் பிறந்தவருக்கு ரப்பர் தன்னைக் கைவிடும் என்று நம்ப முடியாது. தவுக்கேயின் லோரியிலேயே மாட்டினார். மூன்றாம் நாள் தவுக்கே கடலோரம் லூமுட்டுக்கு மீன் வாங்கப் போனார். பாதி வழியில் எண்ணெய்ப் பிசுக்குப் பட்டு நைந்துபோன மூக்கை என்ஜினே உள்ளே உறிஞ்சி, அது சப்பென்று ஒட்டிக்கொண்டு, வண்டி மூச்சுமுட்டி நின்றுவிட்டது. தவுக்கே வெயிலில் நடந்து வந்தார். நடுவழியில் வேறு லோரியில் ஏறி, வாத்துக் கூடைகளுக்கு நடுவே உட்கார்ந்து வந்தார் என்பது பிறகுதான் தெரிந்தது. அண்ணனை அவர் அன்று திட்டிய திட்டு சீனத்தில் இருந்ததால் எங்களுக்குப் பாதிதான் புரிந்தது. மீதிப் பாதியை மேரி தமிழில் சொல்லிக் காட்டினாள்.

அண்ணன் ஒரு வாரம் லீவு போட்டு லூமுட்டுக்குப் போனார். வண்டி நின்ற அவமானத்துக்குக் கடலில் விழப் போகிறார் என்று பேசிக்கொண்டோம். அவரோ அங்கே பைபரில் படகு செய்கிற ஆட்களிடம் போய் உட்கார்ந்திருக்கிறார். கண்ணாடி நூல் பாயை விரித்து, மேலே பசை பூசி, காய்ந்தால் இரும்பு மாதிரி இருக்கும், தூக்கினால் சுரைக்குடுக்கை மாதிரி இருக்கும். கை முழுக்க அரிப்போடு திரும்பி வந்தார். முகப்பவுடரைப் பூசிக்கொண்டு சொறிந்துகொண்டே, “தங்கச்சி, படகுல ஒட்டே இல்ல!” என்றார். அந்தச் சந்தோசத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். அவருக்கு அந்த ஊர் பிடித்துப்போய்விட்டது. பின்னால், எண்பதுகளில் சுரங்கங்கள் ஒவ்வொன்றாக மூடிப் பட்டறையும் மூடியபோது, மகளோடு அங்கேதான் போய்விட்டாராம்.

ஆனால் படகு திறந்து கிடக்கிற பொருள். மூக்கு வளைந்த குழாய். உள்ளே ஒரு உருவம் வைத்து அதன் மேலே பைபரைப் பூசலாம். காய்ந்த பிறகு உள்ளே இருப்பதை எப்படி எடுப்பது? மரம் வைத்தால் வளைவில் மாட்டிக்கொள்ளும். களிமண் வைத்தார். குத்திக் குத்தி எடுக்கும்போது மூக்கே உடைந்தது. மெழுகு வைத்தார். பைபர் காயும்போது சூடு வரும், மெழுகு இளகிக் கோணிப்போனது. இரண்டு பாதியாகச் செய்து ஒட்டலாமே என்று தவுக்கே கேட்டதற்கு, தாயைத் திட்டியதுபோல முகம் சுருங்கிவிட்டது அவருக்கு.

இதற்கு விடை என் வீட்டுப் பின்கட்டில் இருந்தது. பெருமைக்குச் சொல்லவில்லை. கொஞ்சம் பெருமையும்தான்.

சேலைக்குப் போட மரவள்ளிக் கஞ்சி காய்ச்சி, மிச்சத்தை மணலில் கொட்டுவேன். ஒரு நாள் வெறுங்காலோடு போனவள், ஐயோ என்று குதித்தேன். கஞ்சி குடித்த மணல் வெயிலில் காய்ந்து கருங்கல்லாகக் கிடந்தது. காலில் ரத்தம். அன்று சாயங்காலம் நல்ல மழை. மறுநாள் போய்ப் பார்த்தால் கல்லைக் காணோம், வெறும் மணல்.

நொண்டிக்கொண்டே பட்டறைக்குப் போய்ச் சொன்னேன். அண்ணன் என்னையே பார்த்தார். பிறகு என் காலைப் பார்த்தார். வலிக்கிறதா என்று கேட்பார் என்று நினைத்தேன். “கஞ்சி எம்புட்டுத் தண்ணியா இருந்துச்சு?” என்று கேட்டார்.

அதிலிருந்து மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் நானும் அவரும் பட்டறைக்குப் பின்னால் அதே வேலை. மணலைச் சலித்து, கஞ்சி ஊற்றிப் பிசைந்து, மர அச்சில் அடைத்து, தட்டி எடுத்து வெயிலில் வைப்போம். காய்ந்ததும் தேய்த்து, பசை உள்ளே இறங்காமல் இருக்க மெழுகுவர்த்தியால் பூசுவேன். நான் அதற்கு மணல்பிள்ளை என்று பேர் வைத்தேன். அதன் மேலே அவர் பைபரைப் பூசுவார். காய்ந்த பிறகு தண்ணீர் வாளியில் மூழ்க வைத்தால், கஞ்சி கரைந்து மணல் ஒழுகிக்கொண்டே வரும். கடைசி மணல் போகிற வரைக்கும் நான் கழுவுவேன். ஒன்று தங்கினாலும் என்ஜினுக்கு எமன். என்ஜினைக் கொன்ற மணலே அதற்கு மூக்கும் செய்து கொடுத்தது, பாருங்களேன்.

முதல் மூக்கு வந்த நாளில் அதை என் கையில் வைத்தார். பழைய மூக்கைத் தூக்க இரண்டு கை வேண்டும். இது உள்ளங்கையில் நின்றது. சட்டி, பட்டை, குழாய், முழங்கை எல்லாம் ஒரே உடம்பு. மூடி மட்டும் தனி, வடிகட்டியை மாற்ற வேண்டுமே. அந்த மூடிக்காக அவர் பட்ட வருத்தம்! “எல்லாத்தையும் ஜெயிச்சுட்டேன் தங்கச்சி, இந்த மூடி என்னத் தோக்கடிச்சுருச்சு.”

அன்று வீட்டுக்குப் போகிற வழியில் மேரி பேசவே இல்லை. மேரி பேசாமல் வந்தால் எனக்குப் பயம். வீட்டு வாசலில் நின்று கேட்டாள்:

“அந்த மூக்குக்கு எத்தன கிளிப்பு?”

“கிளிப்பே இல்ல.”

“ஸ்குரு?”

“இல்ல.”

“அப்ப நாம என்னத்தடி பூட்டுறது? நல்லாக் கஞ்சி காச்சிக் குடுத்தே போ. அஞ்சு பேரு சோத்துல நீயே மண்ண அள்ளிப் போட்டுட்டே.”

சத்தியமாகச் சொல்கிறேன், அதுவரை அது எனக்குத் தோன்றவே இல்லை. உள்ளே என் வீட்டுக்காரர் இருமுகிற சத்தம் கேட்டது.

மூன்று மூக்குகளைச் சுரங்க என்ஜின்களில் மாட்டி ஒரு மாதம் ஓடவிட்டார்கள். பிறகு கழற்றி, தவுக்கேயின் வெள்ளைக் கைக்குட்டையை உள்ளே விட்டுத் துடைத்தார் அண்ணன். கைக்குட்டை வெள்ளையாகவே வந்தது. தவுக்கே அவர் தோளில் தட்டினார், எல்லோருக்கும் காப்பி ஓ வாங்கி வரச் சொன்னார். கறுப்புக் காப்பியைக் குடித்துக்கொண்டே எங்கள் மேசையைப் பார்த்தார்.

“பெரம்புவான் லீமா? சத்து சுக்குப் லா.”

பெண்கள் ஐந்து பேரா, ஒருத்தி போதும் என்கிறார். மலாய் எங்களுக்குப் புரியாதா? காப்பியைக் கீழே வைத்தேன். நான் அண்ணனைப் பார்த்தேன். அவர் முகத்தில் ரத்தமே இல்லை. குடையில் கம்பியை எண்ணியவர், காவடியில் போல்ட்டை எண்ணியவர், மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த எங்களை ஒரு தடவைகூட எண்ணவில்லை. அன்றைக்குத்தான் எண்ணினார்.

இரண்டு நாள் எங்கள் பக்கமே வரவில்லை. டப்பாவைத் திறக்காமலே மூடி வைத்தார். மூன்றாம் நாள் புதிய மூக்கு ஒன்றைக் கழுவச் சொல்லி என் வாளியருகே வைத்துவிட்டு, நிற்காமல் போனார்.

எடுத்துப் பார்த்தேன். பக்கவாட்டில் ஒரு சின்னக் கதவு. தகடு, கீழே ரப்பர், சுற்றி ஆறு ஸ்குரு.

கழற்றிப் பார்த்தேன். அதற்கு அங்கே ஒரு வேலையும் இல்லை. மூடிப் பக்கம் ஊற்றினால் குழாய்ப் பக்கம் வந்துவிடுகிறது, மணலும் தண்ணீரும். அந்தக் கதவு வழியாக ஒரு மணல்கூட வரவில்லை. கழுவுகிறவள் நான், எனக்குத் தெரியாதா? மூக்கை எடுத்துக்கொண்டு அவரிடம் போனேன்.

“அண்ணே, இது எதுக்கு?”

“கழுவுறதுக்கு.” நிமிர்ந்து பார்க்கவில்லை.

“இது வழியா ஒண்ணுமே வரலையே.”

கையிலிருந்த அரத்தைக் கீழே வைத்தார்.

“ஆறு ஸ்குரு இருக்குலா தங்கச்சி. தகடு வைக்கணும், ரப்பர் வைக்கணும். மூணு பேருக்காவது வேலை இருக்கும். இன்னொரு கதவு வச்சா அஞ்சு பேருக்கும் வரும்.”

ஒரு ஸ்குருவைக் கண்டாலே முகம் சுளிக்கிறவர், எங்களுக்காக ஆறு ஸ்குருவைத் தன் கையாலேயே அந்த மூக்கில் குத்தி வைத்திருக்கிறார். நறநறவென்று விரலில் பட்ட அந்தப் பிசுக்கு ஞாபகம் வந்தது.

“இது வழியா மணல் போகாதா?”

“போவும். ஒரு வருசம் தாங்கும்.” அரத்தை மறுபடி கையில் எடுத்தார். “வேற என்னா செய்யச் சொல்றே? மூக்க நல்லாச் செஞ்சா உங்க அடுப்பு அணையுது.”

மூக்கை மடியில் வைத்துக்கொண்டு அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். என் கை இன்னும் ஈரமாக இருந்தது, நகக்கண்ணில் மணல். அதைப் பார்த்துக்கொண்டே இருந்தவளுக்குச் சட்டென்று ஒன்று உறைத்தது.

“அண்ணே, தவுக்கே ஒரு நாளைக்கு எத்தன மூக்கு கேக்குறாரு?”

“எட்டு.”

“நானும் நீங்களும் மூணு மணல்பிள்ள செய்ய எத்தன நாளாச்சு?”

“ஏழு... எட்டு நாளு.”

“ஒரு பிள்ளைய ரெண்டு மூக்குக்கு வைக்க முடியுமா?”

“எப்படி முடியும்? அதான் கரைஞ்சு போயிருதே.”

“அப்ப ஒரு நாளைக்கு எட்டுப் பிள்ளைய யாரு செய்வா? நீங்களா? மணல் சலிக்க ஒருத்தி வேணும். கஞ்சி காச்ச ஒருத்தி. அச்சுல அடைக்க ஒருத்தி. தேய்ச்சு மெழுகு பூச ஒருத்தி. கழுவ நானு.” விரலை மடக்கிக்கொண்டே வந்தேன். கை நிறைந்துவிட்டது. “நீங்க சாமான்ல மிஞ்சி நிக்கிறத மட்டுந்தான் எண்ணுறீங்கண்ணே. கழுவி ஊத்துறத எண்ணவே மாட்டேங்கிறீங்க.”

அவர் கவிழ்த்து வைத்திருந்த வாளியில் உட்கார்ந்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார், கண்ணில் தண்ணீர் வரும்வரை. எழுந்து அந்தக் கதவு வைத்த மூக்கை என்னிடமிருந்து வாங்கிச் சுத்தியலால் ஒரே போடு போட்டு உடைத்தார். அவ்வளவு வேகமாக அவர் எதையும் செய்து நான் பார்த்ததில்லை.

ஆனால் தவுக்கே ஒப்புக்கொள்ள வேண்டுமே. அவர் கண்ணால் கண்டதெல்லாம் முடிந்துபோன மூக்கைத்தான். சாப்பாட்டு நேரத்தில் பின்னால் நாங்கள் மணல் பிசைந்தது அவருக்குத் தெரியாது. அண்ணன் மறுநாள் எங்கள் ஐவரையும் பின்பக்கம் கூட்டிப்போய், ஆளுக்கு ஒரு வேலையைக் காட்டிக் கொடுத்தார். மேரிக்குக் கஞ்சி. “சேலைக்குக்கூட நான் கஞ்சி போட்டதில்லலா” என்று முனகிக்கொண்டே கிண்டினாள். நாலு நாள் வெயிலில் பிள்ளைகள் வரிசையாகக் காய்ந்தன. ஐந்தாம் நாள் தவுக்கேயை அழைத்து வந்து காட்டினார். தவுக்கே ஒன்றை எடுத்து வாளியில் போட்டுக் கரைவதைப் பார்த்தார். பிறகு அண்ணனைக் கூட்டிக்கொண்டு ஆபீஸ் அறைக்குள் போனார்.

நாங்கள் ஐந்து பேரும் கதவுக்கு வெளியே சுவரோடு சுவராக நின்றோம். மேரி சிலுவை போட்டுக்கொண்டாள். நான் மனதுக்குள் முருகனைக் கூப்பிட்டேன்.

உள்ளே நாற்காலி நகர்ந்தது. தவுக்கே கேட்டார்: “அம்பாட்? அம்பாட் சுக்குப் லா.”

நாலு பேர் போதாதா என்கிறார். நாங்கள் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்துக்கொண்டோம். யார் அந்த ஐந்தாவது?

ஒன்றைக் குறைத்துப் பார் என்று சொன்னால் குறைக்காமல் இருக்க முடியாத மனிதர் அல்லவா அண்ணன்?

“தாப்போலே தவுக்கே,” என்றார். முடியாது என்று. “லீமா.”

ஐந்து. அதற்கு முன்னும் பின்னும், யார் சொன்னதற்கும் கூடுதலாக ஒரு எண்ணை அவர் வாயால் நான் கேட்டதில்லை. தவுக்கே ஏதோ முணுமுணுத்தார், பிறகு சரி என்றார். மேரி என் கையைப் பிடித்து நசுக்கிவிட்டாள்.

அண்ணன் கதவைத் திறந்து வெளியே வந்தார். ஐந்து பேரும் சுவரோரம் பல்லிபோல ஒட்டிக்கொண்டு நிற்பதைப் பார்த்தார். எங்களிடம் ஏதோ சொல்ல வாயெடுத்தவர், மூக்கை உறிஞ்சினார்.

“அடியே மேரி, கஞ்சி கருகுதுலா!”

ஐந்து பேரும் ஓடினோம்.